நாற்பத்தொரு சிவப்புக் குறிகள்

நவம்பர் 3, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். செஞ்சி ராஜகிரி உச்சி தெரியவில்லை. குடையில் இரண்டு கம்பி போச்சு. நைனாவுக்கு இருமல் அப்படியே. ரேஷனில் அரிசி வரவில்லையாம், கோதுமைதானாம்.

மடத்து மதர் காலையிலேயே கூப்பிட்டனுப்பினார். வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, மருந்தகத்தையே தலைகீழாகப் புரட்டப் பார்க்கிறார். அவர் மேஜைமேல் புதுச்சேரி அச்சகத்திலிருந்து வந்த வெள்ளை அட்டைகள், கட்டுக் கட்டாக. இனி ஊருக்கொரு பதிவேடு கிடையாது. ஆளுக்கோர் அட்டை. வரிசை எண் போட்டு, பால்பவுடர் வந்த பெட்டிகளில் ஊர்வாரியாக நிற்கவைக்க வேண்டும். பதினான்கு ஊர்ப் பதிவேடும் இந்த மாதக் கடைசிக்குள் அட்டைக்கு மாறியாகணும். எழுதுவது யார்? இந்தப் பிலோமினாதான். பன்னிரண்டு வருஷமாக இங்கே எழுதுகிற கை ஒன்றுதானே.

"மூன்று நாள் கதவைச் சாத்திவிட்டு ஒரேயடியாக எழுதிவிடலாமே" என்றார்.

"மூணு நாள் சாத்துனா மூணு பேர் செத்துடுவாங்க மதர்" என்றேன். என் வாய் இருக்கிறதே. மதர் முகம் சிவந்தார். ஆனால் கதவைச் சாத்துகிற பேச்சு அதோடு முடிந்தது.

நானே போட்டுக்கொண்ட விதிகள்:

காலையில் நோயாளிகள் இருக்கும்போது பதிவேட்டை எடுக்கக் கூடாது. எழுத்து மதியம் இரண்டுக்கு மேல்.

ஒரு நாளைக்கு அறுபது அட்டை. மேலே போனால் கண் ஏமாற்றும்.

ஊர் ஊராக. ஓர் ஊர் முடிந்ததும் அதன் பதிவேட்டைத் துணியில் கட்டி ஓரம் வைத்துவிடணும். பிறகு அந்த ஊருக்கு அட்டை மட்டும்தான். பாதி அதில், பாதி இதில் என்றால் குட்டிச்சுவர்.

கோடு போட்டு அடித்த வரிகளை எழுத வேண்டாம் (செத்தவர்கள், பிழைக்கப் போனவர்கள், கட்டிக்கொடுத்த பெண்கள்).

சிவப்புக் குறி. இதற்குத்தான் பயம்.

பத்து வருஷம் முன்பு ராயப்பன் என்று ஒரு வண்டிக்காரர். காலில் புண். பென்சிலின் போட்டோம். எழுந்து நடந்தவர் வராந்தாவைத் தாண்டவில்லை. சில உடம்புக்கு அந்த மருந்தே விஷமாம். அன்றிலிருந்து கம்பவுண்டர் ஜலால் பாய் ஒரு முறை வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவருக்கு முதலில் தோலில் ஒரு துளி குத்திப் பார்ப்பார். தடித்தால் பதிவேட்டில் அவர் பெயர் எதிரே சிவப்புப் பென்சிலில் பெருக்கல் குறி. அவருக்கு அந்த ஊசி இந்த ஜென்மத்தில் கிடையாது. பெயர் பதிவில் இருந்து, சிவப்பு இல்லையென்றால் நேராக ஊசி. துளி, காத்திருப்பு எதுவும் வேண்டாம்.

சாயங்காலம் உட்கார்ந்து, அடித்த வரிகளை விட்டுவிட்டு, எல்லாப் பதிவேட்டிலும் சிவப்பை எண்ணினேன். இரண்டு தடவை. நாற்பத்தொன்று. இந்த நோட்டின் பின்னட்டையிலும் எழுதிவைத்தேன். 41. இந்த நாற்பத்தொன்றும் அந்தப் பக்கம் பத்திரமாகப் போய்ச் சேரணும். வேலை அவ்வளவுதான், மற்றதெல்லாம் வெறும் எழுத்து.


நவம்பர் 5, வெள்ளி

மழை நின்று நின்று.

முதல் நாளே என் விதியை நானே மீறினேன். காலையில் கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று தளவானூர்ப் பதிவேட்டை என் மேஜைக்கு எடுத்து வந்து புரட்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம்தான். வெளியே பாய் கத்துகிறார்.

"தளவானூர் புக்கு எங்கம்மா போச்சு? பஸ்ஸு வந்து பதினோரு பேரு நிக்கிறாங்க! நான் இன்னாத்த பாத்து ஊசி போட?"

ஓடிப்போய்க் கொடுத்தேன். வரிசையிலிருந்து ஒரு கிழவி: "புக்கு வூட்டுக்குப் போய் சோறு துன்னுட்டு வந்துச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

இனி இரண்டு மணிக்கு மேல்தான். சத்தியம்.

புது நர்ஸ் வந்திருக்கிறாள். கமலா. சென்னைப் பெண், இருபத்துநாலு வயசு இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளை. கை சுத்தம், பேச்சு சுத்தம். வந்ததும் கேட்டது: "அக்கா, ஸ்டெரிலைசர் எங்கே?" இட்லி குண்டானைக் காட்டினேன். பாவம்.

அட்டை இன்று 44. மதியச் சோற்றுக்குக் காராமணிக் குழம்பு.


நவம்பர் 9, செவ்வாய்

பனமலை முடிந்தது. 131 அட்டை, அதில் சிவப்பு மூன்று. பதிவேட்டைப் பழைய பாவாடைத் துணியில் கட்டி அலமாரி மேல் தட்டில் போட்டேன். முதல் ஊர் முடிந்ததில் ஒரு சந்தோஷம்.

பனமலையை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. வியாழக்கிழமைதோறும் நர்ஸ் பஸ்ஸில் அங்கே போய், ஏரிக்கரைப் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து மருந்து கொடுத்துவிட்டு வருவது வழக்கம். தடிப் பதிவேட்டைத் தூக்கிப்போவது பெரும் பாடு. இப்போது ஒரு பால்பவுடர் பெட்டி போதும். இந்த வாரத்திலிருந்து கமலா போகிறாள்.

அட்டையில் சிவப்பு மையால் குறி போடும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

நைனா கேட்டார்: "இன்னாத்த இப்டி எழுதிக் கிழிக்கிற? விரலப் பாரு, மையி." கடையில் வாங்கிய எலுமிச்சை அதற்கே போச்சு.


நவம்பர் 11, வியாழன்

மழை. ஏரிகள் நிறைகின்றனவாம்.

கமலா பனமலையிலிருந்து நாலு மணிக்கு வந்தாள். முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு. "பிலோமினாக்கா, பெட்டியைத் திறந்தா ஆளே எழுந்து நிக்கிற மாதிரி இருக்கு. எழுத்து அச்சடிச்ச மாதிரி. எனக்கு யாரையும் ஒண்ணும் கேக்க வேண்டியதே இல்ல."

எனக்குப் புகழ்ச்சி பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். சாயங்காலம் முழுக்க அது காதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜ. பாய்க்கு அட்டை பிடிக்கவில்லை. "எனக்கு மூஞ்சி போதும்மா. யாருக்கு ஆவும், யாருக்கு ஆவாது, எல்லாம் இங்க இருக்குது" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். இருக்கிறதுதான். ஆனால் அந்த மூஞ்சிகளும் இப்போது அவருக்குப் புகையாகத் தெரிகின்றன. இரண்டு கண்ணிலும் புரை. 22ஆம் தேதி கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், திரும்ப மூன்று வாரம். அதற்குள் எல்லாம் அட்டைக்கு வந்துவிட்டால் அவர் இல்லாதது தெரியாது என்கிறார் மதர். எனக்குத் தெரியும்போல இருக்கிறது.


நவம்பர் 14, ஞாயிறு

பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து வாசித்துச் சாமியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. திருவருகைக் காலம் 28ஆம் தேதி தொடங்குகிறது. அது வந்துவிட்டால் கிறிஸ்துமஸ் தாண்டும்வரை கல்யாணம் கிடையாது. அதனால் நம் ஆட்களுக்கு நவம்பரில் பித்துப் பிடிக்கும். இந்த இரண்டு வாரத்தில் மட்டும் ஐந்து கல்யாணம். பெண்கள் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு, அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு.

பூசை முடிந்ததும் தளவானூர் செலின் பத்திரிகையோடு வந்தாள். பத்தொன்பது வயசு. நான் மருந்தகத்தில் சேர்ந்த வருஷம் என் மேஜைக்கடியில் உட்கார்ந்து மாத்திரை டப்பா வைத்து விளையாடிய குட்டி. புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை பனமலை ஆரோக்கியசாமி, மல்லாட்டை எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறார்.

"அக்கா, நீங்க வரலன்னா நான் மணவறையில ஏற மாட்டேன்."

"ஏறாத. எனக்கின்னா, பிரியாணி மிச்சம்."

கிள்ளிவிட்டு ஓடினாள். எனக்கு முப்பத்தைந்து ஆகிறது என்பதை யாரும் சொல்லாமலே ஒவ்வொரு நவம்பரும் சொல்லிவிட்டுப் போகிறது.

சாமியாரிடம் கல்யாணப் பட்டியல் வாங்கிவந்து, மணப்பெண்கள் போகிற ஊர்ப் பெட்டியில் அவர்கள் அட்டையை முன்கூட்டியே எழுதிவைத்தேன். செலினுக்கு மட்டும் தனிச் சிரத்தை. வழக்கமாக 'ஆரோக்கியசாமி மனைவி' என்றுதான் எழுதுவோம். அவளுக்கு 'செலின்' என்று பெரிதாக எழுதி அடியில் ஒரு கொடியும் போட்டேன். என் கல்யாணப் பரிசு இதுதான், வேறு என்ன இருக்கிறது என்னிடம்?


நவம்பர் 15, திங்கள்

காலையில் பாய் தளவானூர்ப் பதிவேட்டைப் பிரித்து, செலின் வரியில் கோடு போட்டு அடித்தார். 'கட்டிக்கொடுத்தாச்சு' என்று ஓரத்தில் எழுதினார். ஒரு பெண் போனால் எப்போதும் அவர்தான் அடிப்பார். பிறகு அலமாரிப் பக்கம் போய்த் துழாவிக்கொண்டிருந்தார்.

"பனமலை புக்கு எங்கம்மா?"

"கட்டி வெச்சாச்சு பாய். பனமலைக்கு அட்டை மட்டுந்தான் இப்ப."

"செலினுக்கு அட்டை போட்டுட்டியா?"

"நேத்தே போட்டாச்சு."

"அப்ப சரி" என்று போய்விட்டார்.

அட்டை 60. கை வலி. உப்பு ஒத்தடம்.


நவம்பர் 17, புதன்

கல்யாணம். மழை விட்டுக்கொடுத்தது. செலின் அழவே இல்லை, அவள் அம்மா இருவருக்கும் சேர்த்து அழுதாள். பிரியாணியில் உப்புக் குறைவு. ஆனாலும் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். மாமியார்க்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு: "நீங்கதான் ஆஸ்பத்திரில எழுதுறவங்களா? உங்க எழுத்துல எங்க வூட்டுப் பேரும் இருக்குதாமே." பெருமையாகத்தான் இருந்தது.


நவம்பர் 18, வியாழன்

கமலா பனமலையில். இங்கே பாயும் நானும்தான்.

செஞ்சிக் கொல்லர் மாணிக்கம் வந்தார், சம்மட்டி பட்டு விரல் நசுங்கி. மருந்தகத்துக்கு இதுவரை வந்ததே இல்லை, புதியவர். பாய் தோலில் துளி குத்தினார். ஐந்து நிமிஷத்தில் கை ரொட்டி மாதிரி தடித்துவிட்டது. மனுஷனுக்குக் கண் இருண்டு வேர்த்துக் கொட்டியது. பாய் பதறாமல் வேறு ஊசி போட்டுப் படுக்கவைத்தார். மூன்று மணிக்கு எழுந்து டீ கேட்டார்.

அவருக்கு அட்டை எழுதி, சிவப்புக் குறி போட்டு, செஞ்சிப் பெட்டியில் வைத்தேன்.

ஒரே ஒரு துளிக்கு அப்படி. முழு ஊசி போயிருந்தால்?


நவம்பர் 20, சனி

கடைசியாகத் தளவானூர். தள. பதிவேடு கூரை ஒழுகி நடுவில் நனைந்து, மை படர்ந்து கிடக்கிறது. அடித்த வரிகளைத் தாண்டித் தாண்டி எழுதக் கை பழகிவிட்டது. ஸ்கேலை வைத்து மறைத்துக்கொண்டு அடுத்த வரி. ஒரே நாளில் 88 அட்டை. அறுபதுக்கு மேல் கூடாது என்று எழுதியது யாரோ.


நவம்பர் 22, திங்கள்

முடிந்தது. பதினான்கு ஊர். ஒரு நாள்கூடக் கதவு சாத்தவில்லை.

சாயங்காலம் எல்லாப் பெட்டியிலும் சிவப்பை எண்ணினேன். முதலில் நாற்பது வந்து உயிர் போய்விட்டது. மறுபடி எண்ணினேன், இரண்டு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தன. நாற்பத்தொன்று. மூன்றாவது தடவையும் நாற்பத்தொன்று. பின்னட்டையில் 41 பக்கத்திலேயே இன்னொரு 41 எழுதி வட்டம் போட்டேன். மதரிடம் சொன்னபோது குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்தது. அவர் ஒரு ஜெபமாலை கொடுத்தார், நீல மணி.

பழைய பதிவேடுகள் கரையான் பிடிக்காமல் இருக்கக் கோவில் பரணுக்குப் போய்விட்டன. சாவி உபதேசியாரிடம்.

பாய் மத்தியானம் பஸ் ஏறினார். ஜன்னலிலிருந்து, "பாத்துக்கம்மா" என்றார். எதை என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.


நவம்பர் 23, செவ்வாய்

அமாவாசை. மேல்மலையனூர்க் கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டது. ஸ்பெஷல் பஸ் எல்லாவற்றிலும் கூரைமேல் ஆள். மயங்கினவர்கள், மிதிபட்டவர்கள், சாமி வந்து விழுந்து தலை உடைந்த ஒருத்தி. வெளியூர் ஆட்களுக்கெல்லாம் துளி ஊசி, காத்திருப்பு. நம் ஆட்களுக்கு அட்டை எடுத்த நிமிஷம் வேலை முடிந்தது. கமலா கை நிற்கவில்லை. மதர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

எல்லாம் சரியாக நடக்கிறது. அப்படியிருந்தும் இரவெல்லாம் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததைப் போல இருந்தது.


நவம்பர் 24, புதன்

வானம் கறுத்துக் கிடக்கிறது, காற்று இல்லை. காக்காய்கூட கத்தவில்லை.

நாலு மணிக்கு மாணிக்கம் கட்டு மாற்ற வந்தார். அட்டையை எடுத்துக் கமலாவிடம் நீட்டினேன். சிவப்புக் குறி கண்ணில் பட்டது. நான் போட்டதுதான், 18ஆம் தேதி.

18ஆம் தேதி.

நான் நாற்பத்தொன்று எண்ணியது 3ஆம் தேதி. அதற்குப் பிறகு ஒருவர் கூடியிருக்கிறார். நாற்பத்திரண்டு இருக்க வேண்டும். திங்கட்கிழமை எண்ணியது நாற்பத்தொன்று. அப்படியானால் பழைய நாற்பத்தொன்றில் ஒருவர் குறி இல்லாமல் இருக்கிறார். ஏதோ ஒரு பெட்டியில், சுத்தமான வெள்ளை அட்டையாக, நேராக ஊசி போடலாம் என்று.

மறுபடி எண்ணினேன். 41. முட்டாளே, எண்ணிக்கையை மட்டும் எழுதினாயே, பெயரை எழுதினாயா?

கோவிலுக்கு ஓடினேன். பரண் பூட்டு. உபதேசியார் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், காலையில்தான் வருவாராம். மதரிடம் சொன்னேன். "முதலில் எண்ணியபோது நீ ஒன்று கூடுதலாக எண்ணியிருக்கலாம் அல்லவா?" இரண்டு தடவை எண்ணினேன் மதர். "காலையில் பார்ப்போம். ஜெபி."

கமலாவிடம் சொல்லியிருக்கணும். நாளை வியாழன், பனமலைக்குப் போகிறாள். ஆனால் என்னவென்று சொல்வது? யாரோ ஒருவர், எந்த ஊரோ தெரியாது என்றா? எல்லோருக்கும் துளி குத்திப் பார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரை வந்தது. அச்சடித்த மாதிரி எழுத்து என்றாளே, அது வந்து குறுக்கே நின்றது. உண்மையை எழுதுகிறேன், வெட்கம்தான் காரணம். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் சொல்லிவிடலாம்.


நவம்பர் 25, வியாழன், காலை

பஸ் ஸ்டாண்டுக்கு ஆறரைக்குப் போனேன். பனமலைப் பக்கம் ரோடு மோசம் என்று பஸ்ஸைக் கால் மணி முன்னாலேயே எடுத்துவிட்டார்களாம். கமலா போய்விட்டாள்.

உபதேசியார் எட்டரைக்கு வந்தார். பரணில் மண்டியிட்டு ஒவ்வொரு பதிவேடாகச் சிவப்பைத் தேடி அட்டையோடு பெயர் பெயராக ஒத்துப் பார்த்தேன். பன்னிரண்டு ஊர் சரி. தளவானூர், நனைந்த பக்கம். அடித்த ஒரு வரி. பாயின் கறுப்புக் கோட்டுக்கு அடியில், மை படர்ந்து, சிவப்புப் பெருக்கல் குறி.

செலின்.

கட்டிக்கொடுத்த பெண், அதனால் தளவானூரிலிருந்து நான் எழுதவில்லை. பனமலை அட்டையைச் சாமியார் பட்டியலைப் பார்த்து எழுதினேன், அதில் குறி ஏது? பாய் அந்தக் குறியைப் பனமலைப் பதிவேட்டில் போடத்தான் அன்றைக்குத் தேடியிருக்கிறார். நான் கட்டிவைத்துவிட்டேன். அட்டை போட்டாச்சு என்றேன். குறியும் சேர்த்துப் போட்டாச்சு என்று நினைத்துப் போய்விட்டார்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. அட்டையே இல்லாமல் போயிருந்தால் அவள் அங்கே புதியவள். துளி குத்திப் பார்த்திருப்பார்கள். கொடி போட்டு எழுதிவைத்தேனே.

இன்றைக்கு அவள் அந்த வராந்தாவுக்கு ஏன் வரப்போகிறாள்? கல்யாணம் ஆகி எட்டு நாள். நன்றாகத்தான் இருப்பாள். அந்தோணியாரே, நன்றாக இருக்கட்டும்.

அடுத்த பஸ் பதினொன்றரைக்குத்தான். மல்லாட்டை லாரி ஒன்று அனந்தபுரம் வழியாகப் போகிறது. மதர், அன்றைக்கு மாணிக்கத்தைக் காப்பாற்றிய அதே அட்ரினலின் ஊசி மருந்தைக் கைக்குட்டையில் சுற்றி என் கையில் வைத்தார். போகிறேன்.


நவம்பர் 26, வெள்ளி

எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

நேற்று லாரி இரண்டு இடத்தில் நின்றது. ஓர் ஓடையில் தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேலே. டிரைவர், "எறங்கி நடந்தா முக்கா மணி நேரம், இருந்தா எப்பன்னு சொல்ல முடியாதும்மா" என்றார். நடந்தேன். செருப்பு ஒன்று சேற்றோடு போச்சு. ஏரி கரை தட்டி நிற்கிறது, மலைக்கோவில் தண்ணீருக்கு மேல் தெரிகிறது. பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். ஆனால் சத்தம் இல்லை. அந்தச் சத்தமில்லாமையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

பெஞ்சுமேல் செலின். தாலி கட்டின மஞ்சள் கயிறு புதுசு மாறவில்லை. உதடும் கண்ணும் வீங்கி வேறு யாரோ மாதிரி இருந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. செக்கில் காலை வைத்து ஆணி ஏறியிருக்கிறது, இரண்டு நாளாகச் சீழ். மாமியார்தான் கூட்டிவந்திருக்கிறாள்.

கமலா மண்டியிட்டு நாடி பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அட்டையில ஒண்ணும் இல்லக்கா, பாருங்க, அட்டையில ஒண்ணுமே இல்ல" என்று அதையே சொன்னாள். பெட்டியில் இருந்த ஒரே அட்ரினலினையும் போட்டுவிட்டாளாம். கொஞ்சம் தேறி, மறுபடி நாடி இறங்குகிறது. கைக்குட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். போட்டாள். நான் செலின் காலடியில் உட்கார்ந்து அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்றே வந்தது.

மாமியார் தூணோடு ஒட்டி நின்று யாரிடமும் இல்லாமல்: "நல்லாத்தான பேசிக்கினு வந்துச்சு. ஊசிக்கு பயந்துக்கினு நடிக்குதுன்னு நெனச்சேன்."

ஒரு மணிக்கு மூச்சு சீரானது. நாலு மணிக்குக் கண் திறந்தாள். ஆரோக்கியசாமி வண்டி கட்டிவந்து செஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். மருந்தகத்தில் படுக்கவைத்திருக்கிறது. பிழைத்துக்கொள்வாள் என்கிறார் மதர்.

கமலா சாப்பிடவில்லை. அவளிடம் போய், புதன்கிழமையே எனக்குச் சந்தேகம் இருந்தது, வெட்கப்பட்டுச் சொல்லவில்லை என்று சொன்னேன். எழுந்து ஊசிகளைக் கொதிக்கவைக்கப் போய்விட்டாள்.


நவம்பர் 27, சனி

வெயில். மலை முழுசாகத் தெரிகிறது.

பரணிலிருந்து பதினான்கையும் இறக்கச் சொல்லியாச்சு. அடித்த வரிகள் எல்லாவற்றையும் பார்க்கணும். பாய் வரும்வரை அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் துளி. சிவப்புப் பெயர்கள் இந்த நோட்டிலேயே தனியாக, நாற்பத்திரண்டும். மதர் எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

செலினுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வீக்கம் வடிந்து பழைய முகம் பாதி வந்திருக்கிறது. நாலு வாய் குடித்தாள். அவளாகவே சொன்னாள்.

"நான் சொன்னேன்க்கா. எனக்கு அந்த ஊசி ஆவாதுன்னு சின்ன வயசுலயே ஜலால் பாய் சொல்லியிருக்காருன்னு. மாமி திட்டுனாங்க. அந்த நர்ஸக்கா திட்டல, அட்டைய எடுத்துக் காட்டுனாங்க, இதுல இல்லியேம்மான்னு. பாத்தா உங்க எழுத்து. கொடியெல்லாம் போட்டு. அக்கா எழுதுனா சரியாத்தான் இருக்கும், பாய்க்குத்தான் மறந்துபோச்சு போலன்னு நானே கைய நீட்டிட்டேன்."